செவிப்புலனும் பேக்கேசியின் ஆராய்ச்சியும்

உயிர்களை அவற்றின் அறிவின் அளவுகொண்டு வகுத்த தொல்காப்பியர், உற்றறிதலில் தொடங்கிச் சுவை, நாற்றம், காட்சி என்பவற்றைக் கூறி, அவற்றின் பின்னரே செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் ஈரதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்று ஓரதிகாரம் வகுத்து, அதன் பின்னரே அறிவுடைமையைக் கூறினார். வேதத்திற்குத் தமிழர் இட்ட பெயர் எழுதாக்கிளவி. வடமொழியாளர் இட்ட பெயர் சுருதி. எழுத்தறியாதவனும் கேட்டுக் கற்கலாம் என்பதில் நம் முன்னோர்க்கு ஐயம் இருந்ததில்லை. கேட்கவே இயலாத குழந்தை எவ்வாறு கற்கும் என்னும் வினாவோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது.

இலங்கையில் அவ்வினாவுக்குச் செயலால் விடை கூறிய இடங்களுள் முதன்மையானது இரத்மலானை. மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1912ஆம் ஆண்டில் தொடங்கிய செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலை பின்னர் இவ்வூரிலேயே நிலைகொண்டது. வடபகுதிப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நவ்பீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இத்தகைய பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள் எங்கும் எதிர்கொண்ட பெரிய இடர் ஒன்றுண்டு. பிள்ளை அவர்களிடம் வந்து சேரும்பொழுது ஐந்து வயதோ ஆறு வயதோ ஆகியிருக்கும். மொழி வேரூன்றுதற்குரிய பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிடும். இதற்குப் பெற்றோரை நோவது தகாது. செவிப்புலனின்றிப் பிறந்த குழந்தையும் ஏனைக் குழந்தைகளைப் போலவே சிரிக்கும். தாயின் முகத்தை உற்று நோக்கும். உரிய காலத்தில் தவழும். முதல் மாதங்களில் மழலைபோலும் ஒலிகளையும் எழுப்பும். 'இவன் ஏன் இன்னும் பேசவில்லை?' என்னும் ஐயம் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோதான் வீட்டில் எழும். 'தகப்பனும் பிந்தித்தான் பேசினான்' என்று பாட்டி அதனை ஆற்றிவிடவும் கூடும்.

இக்காலத்திலோ, பிறந்து ஒரு நாளே ஆன குழந்தையின் காதில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அது உறங்கிக்கொண்டிருக்கும்பொழுதே சில நிமிடங்களில் அதன் செவிப்புலனைச் சோதித்துவிட முடிகிறது. குழந்தை விடை கூறவேண்டுவதில்லை. தலையைத் திருப்பவும் வேண்டுவதில்லை. காதே விடை கூறுகிறது. நலமுள்ள காது தான் கேட்ட ஒலிக்கு மறுமொழியாகத் தானும் ஓர் ஒலியை எழுப்புகிறது என்பதும், அவ்வொலி இல்லாவிடின் ஐயுறல் வேண்டும் என்பதுமே அச்சோதனையின் அடிப்படை. இவ்வியப்பான உண்மை எவ்வாறு அறியப்பட்டது என்று வினாவினால், தபாற் பகுதியில் தொழில் பார்த்த ஓர் ஆராய்ச்சியாளர், பிணங்களின் காதுகளைத் துளைத்துப் பார்த்த வரலாற்றிலிருந்து தொடங்கல் வேண்டும். அவர் பெயர் ஜோர்ஜ் வொன் பேக்கேசி.

பேக்கேசி 1899ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தார். சுவிற்சர்லாந்தில் இரசாயனம் கற்று, 1923இல் தம் நாட்டில் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஹங்கேரித் தபாற் பகுதியின் ஆராய்ச்சிக்கூடத்தில் அமர்ந்தார். தொலைபேசி அந்நாளில் அப்பகுதியின் பொறுப்பில் இருந்தது. தொலைபேசியின் குரலைத் திருத்த விரும்புவோன், கேட்கும் காது எவ்வளவு நுட்பமானது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காதால் உணரமுடியாத நுட்பத்தைக் கம்பியிலும் கருவியிலும் புகுத்துவது வீண்செலவு. இந்தக் கணக்குப்பிள்ளையின் வினாவே பேக்கேசியைச் செவியின் ஆராய்ச்சியில் இறக்கியது. அவர் மருத்துவர் அல்லர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

செவியின் அமைப்பைச் சுருங்கக் கூறுதல் இங்கே வேண்டப்படும். காற்றில் வரும் ஒலியலை செவிக்குழாயின் முடிவிலுள்ள செவிப்பறையை அதிரச் செய்கிறது. செவிப்பறைக்கு அப்பால் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு என்னும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. மூன்றாவதான ஏந்தியுரு, மனித உடலின் எலும்புகள் அனைத்திலும் சிறியது. ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளமுடையது. இவ்வெலும்புகள் எதற்கு? உட்செவி நீர்மத்தால் நிரம்பியது. காற்றில் வரும் ஒலி நீர்மத்திற் புகாமல் பெரும்பாலும் திரும்பிவிடும் இயல்பினது. தீர்த்தக் கேணியில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையில் ஒலிக்கும் நாதசுரம் கேளாமைக்குக் காரணம் அதுவே. செவிப்பறையின் அகன்ற பரப்பில் விழும் விசையை, அதனினும் ஏறக்குறையப் பதினேழு மடங்கு சிறியதான ஏந்தியுருவின் அடித்தட்டில் குவித்து, இவ்விழப்பை ஈடுசெய்வதே அச்சிற்றெலும்புகளின் பணி.

ஏந்தியுரு தட்டுகின்ற வாயிலுக்கு அப்பால் உள்ளது நத்தைச்சுருள். நத்தையோடு போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்ட இக்குழாயை விரித்தால் நீளம் சுமார் 35 மில்லிமீற்றர். இதன் நடுவே நெடுக ஓடுவது அடிமென்சவ்வு. அம்மென்சவ்வின்மேல் வரிசை வரிசையாக மயிர்க்கலங்கள் அமைந்துள்ளன. ஒரு காதில் உள்வரிசைக் கலங்கள் ஏறத்தாழ 3,500. வெளிவரிசைக் கலங்கள் ஏறத்தாழ 12,000. கண்ணின் ஒளியுணர் கலங்கள் கோடிக்கணக்கில் இருத்தலை நோக்க, இது மிகச் சிறிய செல்வம். இழந்தால் மனிதரில் மீண்டும் முளையாத செல்வமுமாம்.

இச்சுருள் உயர்ந்த சுரத்தையும் தாழ்ந்த சுரத்தையும் எவ்வாறு பிரித்தறிகிறது? 1863ஆம் ஆண்டில் ஜேர்மனியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ற்ஸ் இதற்கோர் அழகிய விடை தந்தார். அடிமென்சவ்வு ஏந்தியுருவின் பக்கத்தில் ஒடுங்கியும் சுருளின் நுனியில் அகன்றும் இருத்தலால், அதன் குறுக்கு நார்கள் குறியனவும் நெடியனவுமாக ஒழுங்குபட நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய சுரம் வந்தபொழுது பரிவினால் அதிர்கின்றது என்றார் அவர். அஃதாவது, ஒவ்வொருவர் காதினுள்ளும் ஒரு சிறு யாழ் உண்டு. நரம்பின் நீளத்திற்கும் அது பிறப்பிக்கும் சுரத்திற்கும் உள்ள தொடர்பைக் கணித முறையால் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்ட விபுலாநந்த அடிகளார் பிறந்த நாட்டினர்க்கு இக்கொள்கை எளிதில் விளங்கும்; இனிக்கவும் செய்யும்.

இனிப்பது எல்லாம் மெய்யாகிவிடுவதில்லை. யாழின் நரம்பு இசைக்க வேண்டுமாயின் அது முறுக்கி இழுக்கப்பட்டிருத்தல் வேண்டும். பேக்கேசி அடிமென்சவ்வில் சிறு கீறலிட்டுப் பார்த்தார். இழுப்புடன் இருந்த சவ்வாயின் கீறலின் விளிம்புகள் விலகி வாய்திறக்கும். அவை விலகவில்லை. செவியினுள் யாழ் இருக்கலாம். முறுக்கிய நரம்பு இல்லை.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். உடலின் மிக வன்மையான எலும்புகளுள் ஒன்றினுள் நத்தைச்சுருள் புதைந்துள்ளது. இறந்தோரின் செவியெலும்பைப் பெற்று, அது உலர்ந்து கெடுமுன், நீர்மத்தின் கீழேயே வைத்து, நுணுக்குக்காட்டி வழியாக நோக்கிக்கொண்டு, தாமே அமைத்த நுண்ணிய கருவிகளால் சுருளின் சுவரைத் திறந்தார். உள்ளே ஒளி ஊடுருவும் சவ்வுகள் கண்ணுக்குப் புலப்படாமையால் வெள்ளித் துகள்களை அவற்றின்மேல் தூவினார். பின்னர் ஏந்தியுருவின் வாயிலில் ஒரு சுரத்தைச் செலுத்தி, விட்டுவிட்டு மின்னும் ஒளியில் அத்துகள்களின் அசைவைக் கண்டார். வேகமாகச் சுழலும் சக்கரம் அத்தகைய ஒளியில் நின்றுவிட்டது போலவும் மெல்ல நகர்வது போலவும் தோன்றுவதன்றோ? அவ்வாறே நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும் சவ்வின் அசைவும் மெல்லெனத் தோன்றிற்று. மனிதக் காதோடு நில்லாமல், சிறு விலங்குகள் தொடங்கி யானை ஈறாகப் பலவற்றின் நத்தைச்சுருள்களையும் அவர் ஆராய்ந்தார்.

அவர் கண்டது, தனித்தனி நார்களின் அதிர்வை அன்று, ஓடும் அலையை. தேர்வடத்தின் ஒரு நுனியைப் பற்றி உதறினால் ஒரு நெளிவு வடத்தின் வழியே ஓடுவதைப் பலரும் கண்டிருப்பர். அடிமென்சவ்விலும் ஏந்தியுருவின் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி அலை ஓடுகிறது. ஆயின் தேர்வடம் எங்கும் ஒரே தன்மையது. அடிமென்சவ்வோ தொடக்கத்தில் விறைப்பும் நுனியில் தளர்வும் உடையது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய நூறு மடங்கு. ஆதலின் அலை ஓடும்பொழுது படிப்படியாகப் பருத்து, ஓரிடத்தில் உச்சமுற்று, அதன் பின்னர் விரைவில் அடங்கிவிடுகிறது. உச்சமுறும் இடம் சுரத்திற்குச் சுரம் வேறுபடும். உயர்ந்த சுரத்தின் அலை தொடக்கத்திலேயே உச்சமுற்று மடிகிறது. தாழ்ந்த சுரத்தின் அலை நுனிவரை செல்கிறது. எனவே, இடத்தால் சுரம் அறியப்படும் என்று ஹெல்ம்ஹோல்ற்ஸ் கூறியது சரி. அவ்விடம் எவ்வாறு தேரப்படுகிறது என்று அவர் கூறியது தவறு.

1928 முதல் இம்முடிவுகளை வெளியிட்டு வந்த பேக்கேசி, போர் முடிந்தபின் 1946இல் சுவீடனுக்கும், அடுத்த ஆண்டில் அமெரிக்க ஹாவாட் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். 1947இல் அவர் அமைத்த கேள்விமானி நோயாளியின் கையிலேயே தீர்ப்பை ஒப்படைத்தது. ஒலி கேட்கும்வரை நோயாளி ஒரு விசையை அழுத்தியிருப்பார். அவ்வளவில் ஒலி குறையும். கேளாதபொழுது விடுவார், ஒலி பெருகும். எழுதுகோல் அவருடைய கேள்வியின் எல்லையை வளைந்து வளைந்து தானே வரைந்துவிடும். குறை நத்தைச்சுருளில் உள்ளதோ, நரம்பில் உள்ளதோ என்று பிரித்தறிய அவ்வரைவின் வடிவம் மருத்துவர்க்குப் பின்னாளில் உதவிற்று. 1961ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு பேக்கேசி ஒருவருக்கே வழங்கப்பட்டது. 1966இல் ஹவாயிற் குடியேறிய அவர், 1972இல் அங்கே காலமானார்.

எனினும் அவர் முடிவில் ஒரு குறை இருந்தது; அதனை அவரும் அறிந்திருந்தார். அவர் கண்ட அலையின் உச்சம் கூர்மையற்று அகன்று பரந்திருந்தது. பயின்ற செவியோ நொடிக்கு 1000 அதிர்வுள்ள சுரத்தையும் 1003 அதிர்வுள்ள சுரத்தையும் வேறுபடுத்தி அறியவல்லது. மழுங்கிய உச்சத்திலிருந்து கூரிய அறிவு பிறப்பது எங்ஙனம்? நரம்பு மண்டலம் அலையின் ஓரங்களை அடக்கி நடுவை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்று பேக்கேசி கருதினார். அதனைக் காட்ட, அதிரும் சவ்வுடைய நீர்க்குழாய் ஒன்றை அமைத்து, அதன்மேல் முன்கையை வைக்கச் செய்தார். அலை கையின் நீளம் முழுதும் ஓடினாலும், கை வைத்தவர் அதிர்வை ஓரிடத்தில் மட்டுமே உணர்ந்தார். நல்ல சோதனைதான், ஆனால் செவியின் விடை வேறிடத்தில் இருந்தது.

அவ்விடத்தை முன்னரே சுட்டியவர் தோமஸ் கோல்ட் என்னும் இளைஞர். போர்க்காலத்தில் ராடார் வேலை பழகி, பிற்காலத்தில் வானியலில் பெயர் பெற்றவர். 1948இல் கேம்பிறிட்ஜில் அவர் எழுப்பிய வாதம் எளிமையானது. நீர்மத்தில் மூழ்கிய எந்தப் பொருளின் அதிர்வும் விரைவில் தேய்ந்துவிடும். கூர்மையாக அதிர இயலாது. செவி கூர்மையாக அறிவது உண்மையாயின், தேய்வை ஈடுசெய்ய அது தானே வலுவை ஊட்டுதல் வேண்டும். இறந்த காது அவ்வலுவை ஊட்டாது. ஆதலின் இறந்த காதை நோக்கியவர் அதனைக் காணாதது வியப்பன்று. மேலும், தானே வலுவூட்டும் கருவி சில வேளை ஒலிபெருக்கி ஊளையிடுவது போலத் தானே ஒலிக்கவும் கூடும் என்றார் கோல்ட். அவ்வொலியைத் தேடியும் பார்த்தார். அக்காலத்து ஒலிவாங்கிகள் அதற்குப் போதியன அல்ல. ஓடும் அலையைக் கண்ணாற் கண்டவர் பேக்கேசி. கோல்டின் கையில் இருந்ததோ வாதம் மட்டுமே. அறிஞர் உலகம் கண்டவர் பக்கமே நின்றது. அதனைப் பிழையென்று கூறுவதற்கில்லை. ஆயினும் அதன் விலை முப்பதாண்டு.

1978ஆம் ஆண்டில் இலண்டனில் டேவிட் கெம்ப் என்னும் பௌதிக ஆராய்ச்சியாளர், நுண்ணிய ஒலிவாங்கி ஒன்றைச் செவிக்குழாயிற் பொருத்தி, 'டிக்' என்னும் ஓர் ஒலியைச் செலுத்தினார். அவ்வொலி அடங்கிய பின்னர், ஒரு நொடியின் ஆயிரத்தில் சில கூறுகள் கழித்து, மிக மெல்லிய மறுவொலி ஒன்று காதிலிருந்து திரும்பி வந்தது. சுவரில் மோதி மீளும் எதிரொலியாயின் அத்துணைத் தாமதம் இராது. செவிப்புலன் குன்றிய காதுகளில் அது எழவேயில்லை. கோல்ட் தேடிய ஒலி அகப்பட்டுவிட்டது. 1985இல் வில்லியம் பிறவுனல் என்பாரும் அவர் உடனுழைத்தோரும், வெளிவரிசை மயிர்க்கலத்தைத் தனியே பிரித்தெடுத்து மின்னூட்டியபொழுது அது நீண்டும் குறுகியும் ஆடுவதைக் கண்டனர். 2000ஆம் ஆண்டில் பீற்றர் டலொஸ் குழுவினர் அவ்வாட்டத்திற்குக் காரணமான புரதத்தைக் கண்டறிந்து, விரைவைக் குறிக்கும் இசைச்சொல்லொன்றை அடியொற்றிப் 'பிரெஸ்றின்' எனப் பெயரிட்டனர். ஆகவே வெளிவரிசைக் கலங்கள் வெறும் கேட்பன அல்ல. ஓடும் அலைக்கு உரிய இடத்தில் உந்துதல் கொடுத்து அதன் உச்சத்தைக் கூராக்குவன. மூளைக்குச் செய்தி சொல்வது உள்வரிசை. அச்செய்தியைத் தெளிவாக்குவது வெளிவரிசை.

இவ்வேறுபாடு தெளிந்த பின்னரே பல செவிநோய்களின் இயல்பு விளங்கிற்று. செவிக்குறை இரு பெரும் வகையது. ஒலி உட்செவியை அடையாது தடைப்படுவது ஒன்று: குறும்பி அடைத்தல், செவிப்பறை துளைபடுதல், நடுச்செவியில் சீழ் கட்டுதல், ஏந்தியுரு எலும்பு வளர்ந்து இறுகுதல் முதலியன இதன்பாற்படும். இவற்றுட் பல மருந்தாலும் அறுவை மருத்துவத்தாலும் தீர்வன. மயிர்க்கலங்களோ நரம்போ கெடுவது மற்றொன்று. இதில் கெட்டவை மீள்வதில்லை. பேரிரைச்சலும் முதுமையும் சில மருந்துகளும் பெரும்பாலும் முதலில் தாக்குவது வெளிவரிசைக் கலங்களையே. அதிலும் உயர்ந்த சுரங்களுக்குரிய தொடக்கப் பகுதி முன்னர்க் கெடுகிறது. அதனாலேயே முதியோர், 'பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை' என்று குறைபடுகின்றனர். உயிரொலிகள் தாழ்ந்த சுரப்பகுதியில் வலுவுடன் நிற்பன, அவை கேட்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகள் மெலிந்தும் உயர்ந்தும் நிற்பன, அவை மறையும். பத்து என்றதும் பட்டு என்றதும் அம்முதியவருக்கு ஒன்றே. அவரிடம் உரத்துக் கத்துவோர் உயிரொலியையே பெருக்குகின்றனர். அதனால் அவருக்குச் சினம் பெருகுவதன்றி விளக்கம் பெருகுவதில்லை.

இரைச்சலால் வரும் கேடு தொழிற்சாலைகளோடு பிறந்தது. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கொதிகலம் செய்வோரின் செவிகளைத் தோமஸ் பார் என்னும் மருத்துவர் 1886இலேயே ஆராய்ந்து எழுதினார். புகையிரதத் தொழிற்சாலையும் விமானத் தளமும் காலி வீதியும் அமைந்த இரத்மலானையில் வாழ்வோர்க்கு இச்செய்தி அயலார் செய்தி அன்று. 85 டெசிபெல் அளவுள்ள இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்றல் தகாது என்பது இன்று பலவிடத்தும் கொள்ளப்படும் வரையறை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறைதல் வேண்டும். இயந்திரம் இயக்குவோர்க்குக் கூறப்படும் இவ்வரையறை, தவில் அருகில் அமர்வோர்க்கும், காதினுள் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு பேருந்தில் செல்லும் மாணவர்க்கும் பொருந்தும்.

குழந்தைகளின் செய்திக்கு மீள்வோம். கெம்ப் கண்ட மறுவொலி, பிறந்த குழந்தையின் காதிலும் தெளிவாக எழும். அச்சிறு உண்மையே சோதனைக் கருவியாயிற்று. 1993இல் அமெரிக்க அறிஞர் குழுவொன்று பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் சோதித்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கொலராடோவில் கிறிஸ்ரீன் யோஷினாகா-இற்றானோ 1998இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன்னர் குறை அறியப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பின்னர் அறியப்பட்டோரிலும் மொழியறிவிற் சிறந்து நின்றமையைக் காட்டிற்று. ஒரு மாதத்துள் சோதனை, மூன்று மாதத்துள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துள் உதவி என்னும் விதி பின்னர் வகுக்கப்பட்டது. பாடசாலைக்கு ஐந்து வயதில் வந்து சேரும் பிள்ளையை எண்ணிப் பார்ப்போர்க்கு, இவ்வெண்கள் எத்துணைப் பெரிய மாற்றம் என்பது புலனாகும்.

அறிதல் ஒருபுறமிருக்க, வாராமற் காத்தலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, பிள்ளைப்பருவச் செவிக்குறையில் ஏறக்குறைய 60 வீதம் தடுக்கத்தக்க காரணங்களால் வருவது என்கிறது. கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா என்னும் காய்ச்சல் அவற்றுள் ஒன்று. தாய்க்குச் சில நாட் சிவப்புத் தடிப்பு. குழந்தைக்கோ கண்ணும் காதும் இதயமும் கெடும் ஆயுட்கால இடர். இதில் இலங்கை பெருமை கொள்ளலாம். 1996இல் ருபெல்லாத் தடுப்பூசியைத் தொடங்கிய இந்நாடு, 2020இல் அந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. தடுப்பூசிக் குறிப்பேட்டைக் காத்து வைத்த எண்ணற்ற தாய்மாரும், வீடு வீடாகச் சென்ற மருத்துவ மாதரும் இதற்கு உரியவர்கள்.

மற்றொரு காரணம் குடும்பத்தினுள் உள்ளது. தமிழர் அதனைக் கூசாது ஆராய்தல் வேண்டும். பிறவிச் செவிக்குறையில் பெரும்பங்கு பரம்பரையலகுகளால் வருவது. தாயும் தந்தையும் நன்றாகக் கேட்பவராயினும், இருவரும் ஒரே பழுதை மறைவாகச் சுமந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குறை வெளிப்படும். உறவுக்குள் மணம் செய்யும்பொழுது அவ்விருவரும் ஒரே மூதாதையின் பழுதைச் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுகிறது. செவிக்குரிய 'கொனெக்சின் 26' என்னும் புரதத்தின் அலகில் நேரும் ஒரு விகாரம் இந்தியரிடையே சிறப்பாகக் காணப்படுவதை, பெங்களூரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் முதலானோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. அப்புரதத்தின் இருபத்துநான்காம் கூறு அமையவேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்னும் கட்டளை நிற்கிறது. புரதம் தொடக்கத்திலேயே அறுபட்டுவிடுகிறது. மச்சான் மச்சாள் மணம் எல்லாம் கேடு என்று இதனாற் கூறுதல் மிகை. அத்தகைய மணத்திற் பிறந்தோரில் மிகப் பலர் நலமாகவே உள்ளனர். குடும்பத்தில் முன்னரே பிறவிச் செவிக்குறை உள்ளவிடத்து, சாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு முன் மருத்துவரின் ஆலோசனையைக் கேட்டல் அறிவுடைமை.

பாடசாலை வயதில் மிகுதியாகக் காணப்படுவதோ சீழ் வடியும் காது. இது பிள்ளையைச் செவிடாக்குவதில்லை; அரைகுறையாகக் கேட்கச் செய்கிறது. ஒருநாள் கேட்கும், ஒருநாள் மங்கும். இத்தகைய பிள்ளை வகுப்பிற் பெறும் பட்டம் 'கவனமில்லாதவன்' என்பது. பெயர் கூப்பிட்டால் திரும்புவான். சொல்வதெழுதுதலில் சொற்களை மாற்றி எழுதுவான். ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிப் பேசும்பொழுது அடுத்தவன் கொப்பியைப் பார்ப்பான். வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வை. பி. கபூர் இந்தியப் பாடசாலைப் பிள்ளைகளின் செவிக்குறை பற்றி 1965இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்; அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் மைசூரில் நிறுவப்பெற்றதும் அவ்வாண்டிலேயே. வீட்டில் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் வழக்கம் இந்நோய்க்கு மருந்தாகாது. துளைபட்ட செவிப்பறை வழியே அது உள்ளே இறங்கி மேலும் கேடு செய்யும்.

மயிர்க்கலங்கள் முற்றும் இல்லாதார்க்கு வழி என்ன? 1957இல் பாரிசில் ஜூர்னோ, எரியெஸ் என்னும் இருவர் செவிநரம்புக்கு நேரே மின்னூட்டிப் பார்த்தனர். அவுஸ்திரேலியாவின் கிறேம் கிளாக் 1978இல் பல மின்வாய்கள் கொண்ட கருவியை மெல்பேணில் ஒருவருக்குப் பொருத்தினார். கிளாக்கின் தந்தையார் செவிக்குறையுடையவர். பேக்கேசியின் ஆராய்ச்சி இங்கே முழுப்பயன் அளித்தது. நத்தைச்சுருளினுள் செலுத்தப்படும் மெல்லிய கம்பியின் மின்வாய்களுள், தொடக்கத்தில் நிற்பவை உயர்ந்த சுரங்களையும் உள்ளே நிற்பவை தாழ்ந்த சுரங்களையும் நரம்புக்கு ஊட்டுகின்றன. அவர் பிணங்களின் காதில் வரைந்த இடவரிசையே உயிருள்ள பிள்ளையின் காதில் வழிகாட்டிற்று. சென்னையில் மருத்துவர் மோகன் காமேசுவரன் இத்துறையில் முன்னின்று உழைத்து, 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தமிழ்நாட்டில் ஏழைக் குழந்தைகளுக்கு இவ்வறுவை மருத்துவம் அரசின் காப்புறுதித் திட்டத்தின்கீழ்ச் செய்யப்பட்டு வருகிறது. ஆயினும் கருவி பொருத்தியவுடன் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணுதல் தவறு. ஆண்டுக்கணக்கான பயிற்சி வேண்டும். அதில் தாயே முதலாசிரியை.

இவ்விடத்து மறுபக்கமும் கூறத்தக்கது. சைகை மொழி சொல்லில்லாதார் கைவீச்சு அன்று. தனக்கென இலக்கணமுடைய முழுமொழி என்பதை அமெரிக்க மொழியறிஞர் வில்லியம் ஸ்ரோக்கோ 1960இல் நிறுவினார். செவிவழியோ கைவழியோ, முதலாண்டுகளில் ஒரு மொழி பிள்ளைக்குத் தடையின்றிக் கிட்டுதல் வேண்டும். கருவிக்குக் காத்திருந்து, சைகையையும் விலக்கி, இரண்டும் இன்றி ஐந்து வயதுவரை பிள்ளையை வைத்திருப்பதே பெருங்கேடு.

இறுதியாக ஒரு செய்தி. மறுவொலிச் சோதனையில் தேறியும் கேளாத குழந்தைகள் சிலர் உளர். அவர்களுடைய வெளிவரிசைக் கலங்கள் நன்றாக ஆடுகின்றன, காது ஒலியெழுப்புகிறது. உள்வரிசைக் கலத்திலிருந்து நரம்புக்குச் செய்தி கடப்பதற்கு வேண்டிய 'ஒற்றோஃபெர்லின்' என்னும் புரதம் மட்டும் அவர்களிடம் இல்லை. கெம்பின் முறை இவர்களைத் தவறவிடும். ஆகவே ஒலிக்கு மூளைத்தண்டில் எழும் மின்மாற்றத்தையும் அளத்தல் வேண்டும் என மருத்துவர் கற்றனர். சீனத்தின் ஷங்காய் நகரில் இத்தகைய ஆறு குழந்தைகளின் நத்தைச்சுருளினுள், பழுதற்ற பரம்பரையலகு தீங்கற்ற வைரசு ஒன்றின் வாயிலாகச் செலுத்தப்பட்டது. 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதன் பயன் வெளியிடப்பட்டது. அறுவரில் ஐவருக்குக் கேட்டது.